தரையிலேயே தடுமாறும் சிறு விமானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய ரகப் பயிற்சி விமானங்கள் வானில் ஏறும் முன்போ இறங்கிய பின்போ, இயந்திரக் கோளாறால் தரையிலேயே சேதமடைவது பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பறக்கப் பழகுகிறவர்கள், பராமரிப்புப் பணியில் சேர்ந்திருப்பவர்கள், ஆர்வத்தால் கேட்பவர்கள் என எல்லாருடைய கேள்விகளும் இதில் உண்டு.

கேள்வி: தரையில் ஊர்ந்து போகிற விமானத்தில் ஏதாவது பழுதானால், காரைப் போல ஓரங்கட்டி நிறுத்திவிட முடியாதா?

முடியும், ஆனால் காரில் இருக்கிற வசதிகள் இங்கே இல்லை. நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரங்களில் பிரேக் இருப்பது பின்னால் உள்ள இரண்டு முதன்மைச் சக்கரங்களில் மட்டும்தான். பின்னோக்கிச் செல்ல கியர் கிடையாது. இறக்கையின் நீளம் 11 மீட்டர் என்பதால், ஓடுவழியை (ஓடுபாதைக்குப் போய்வரும் பாதையை) விட்டுக் கொஞ்சம் விலகினாலும் பக்கத்தில் நிற்கும் விமானத்திலோ கம்பத்திலோ இறக்கை நுனி இடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைகிறது. விமானத்திலோ இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த ஓட்டத்தில்) இருந்தாலும் ப்ரொப்பெல்லர் இழுத்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான தரையில் ஐடில் இழுவை மட்டுமே விமானத்தை நகர்த்தப் போதும்.

விரைவாக நடக்கும் வேகத்துக்கு மேல் டேக்ஸி செய்யாதீர்கள், அதாவது தரையில் ஊர்ந்து போகாதீர்கள் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். மணிக்கு 6 கிலோமீட்டரில் போகிற விமானத்தை 20 கிலோமீட்டரில் ஓட்டினால், நிறுத்தும்போது உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 11 மடங்காகிறது. பழுது எந்த நொடியில் வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்போது என்ன வேகத்தில் இருப்போம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: டேக்ஸி செய்யும்போது பிரேக் பெடலை மிதித்தால் பெடல் அடிவரை போய்விடுகிறது. அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் பின்னால் இழுங்கள். அதே மூச்சில் பெடலை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதியுங்கள். குழாயில் காற்று புகுந்ததுதான் கோளாறு என்றால், இப்படி மிதிக்கும்போது ஓரளவு அழுத்தம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லையா? எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்பு நிற மிக்ஸ்சர் குமிழை முழுக்க வெளியே இழுத்து இன்ஜினை நிறுத்துங்கள். இதில் தயங்குகிறவர்கள்தான் அதிகம். இன்ஜினை அணைத்தால் விமானத்தின் மேல் உள்ள கட்டுப்பாடு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இன்ஜின் நின்றாலும் ரட்டர் (வாலில் உள்ள திசைத்தகடு) பெடலோடு இணைந்த முன்சக்கரம் திரும்பும். ப்ரொப்பெல்லரோ 1,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்றில்) நொடிக்கு 16 முறைக்கு மேல் சுற்றுகிறது. அது எதன் மேல், யார் மேல் படப்போகிறது என்பதே அப்போது பெரிய ஆபத்து.

அடுத்து, வண்டியைத் திறந்த வெளிப் பக்கம் திருப்புங்கள். புல்தரை கிடைத்தால் நல்லது; உருளும் தடை அங்கே அதிகம். மோதல் தவிர்க்கவே முடியாது என்றால், ப்ரொப்பெல்லரும் கேபினும் நேராகப் போய் இடிக்காமல் இறக்கை நுனியை வாங்க விடுவது மேல். நின்றதும் எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி), மாஸ்டர் சுவிட்ச் மூன்றையும் அணைத்துவிட்டு இறங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்திலிருந்து குதித்து, இறக்கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கவே கூடாது.

ஒரு பக்க பிரேக் மட்டும் போயிருந்தால் கதை வேறு. இடது பிரேக் செத்துவிட்ட நிலையில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் விமானம் வலப்பக்கம் வெட்டித் திரும்பும். எதிர்பாராத திருப்பத்தால் பதறி இன்னும் அழுத்தினால் சுழல் இன்னும் கூர்மையாகும். உடனே இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டு ரட்டர் பெடலால் நேராக்குங்கள்.

எந்த ரக விமானம் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பைப்பர் பிஏ-28 வகைகளில் பேனலின் கீழே நடுவில் ஒரு கைப்பிரேக் நெம்புகோல் உண்டு. அதற்குத் தனி மாஸ்டர் சிலிண்டர் இருப்பதால், கால் பெடலின் சிலிண்டர் பழுதானாலும் கைப்பிரேக் வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. செஸ்னா 172-இல் இரண்டு இருக்கைகளின் பெடல்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு அதே சிலிண்டர்களைத்தான் அழுத்துகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் மிதித்துப் பார்ப்பதால் அங்கே பயன் இல்லை.

கேள்வி: இந்த பிரேக்குகள் ஏன் கெடுகின்றன? பறக்கும் முன் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சிறு விமான பிரேக் மிக எளிய அமைப்பு. பெடலுக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து ஒரு குழாய், சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கேலிப்பர், ஒரே ஒரு டிஸ்க். பூஸ்டர் இல்லை, பெரும்பாலும் மாற்று வழியும் இல்லை. கெடுவதெல்லாம் பெரும்பாலும் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களில் தொடங்குகிறது. வயதாகி, சூட்டில் வெந்து இறுகிய ரப்பர் திரவத்தைக் கசிய விடும். திரவம் சிவப்பு நிறம் என்பதால் தேடுவது சுலபம்: கேலிப்பரின் அடியில், டயரின் உள்பக்கத்தில், பெடலுக்குக் கீழே தரை விரிப்பில் சிவப்பு ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

இந்தச் சிவப்புத் திரவம் 5606 என்ற எண்ணால் அறியப்படும் கனிம எண்ணெய் வகை. கார் பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அவசரத்துக்கு என்று காருக்கு ஊற்றுவதை இதில் ஊற்றினால், விமானத்தில் உள்ள நைட்ரைல் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். பிறகு ஒரு வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. சிலிண்டர், குழாய், கேலிப்பர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

டிஸ்க்கை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங்கின் தேய்மானத்துக்கும் எல்லை உண்டு. கிளீவ்லேண்ட் வகை பிரேக்குகளில் லைனிங் 0.100 அங்குலம், அதாவது சுமார் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். அதற்கும் கீழே போனால் ரிவிட் தலைகள் டிஸ்க்கைச் சுரண்டும். பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து அதன் ஓ-ரிங் இடம் விட்டு நழுவும். பிரேக் முழுவதும் ஒரே மிதியில் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. காற்று மேலே ஏறும் தன்மை உடையது. அதனால் கேலிப்பரில் உள்ள கீழ் வால்விலிருந்து திரவத்தை அழுத்தி மேல்நோக்கி ஏற்றினால் குமிழிகள் இயல்பாகவே வெளியேறும். மேலிருந்து கீழே தள்ள முயன்றால் மணிக்கணக்கில் மிதித்தும் ஒரு குமிழி எங்காவது சிக்கி நிற்கும்.

நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த முதல் ஒரு மீட்டரிலேயே பிரேக்கைச் சோதியுங்கள். ஓடுவழியில் பாதி தூரம் போன பின் சோதிப்பதில் அர்த்தமில்லை. பார்க்கிங் பிரேக்கையும் நம்பி இருந்துவிடாதீர்கள். குழாயில் அடைபட்ட அழுத்தத்தால் மட்டுமே அது பிடித்து நிற்கிறது. சின்னக் கசிவு போதும், விடுபட. ஆளில்லாமல் நிற்கும் விமானத்துக்குச் சக்கரக் கட்டைதான் பாதுகாப்பு.

கேள்வி: ஓடுபாதையில் வேகம் கூடும்போது முன்சக்கரம் தடதடவென ஆடி, பேனலே நடுங்குகிறது. இது ஆபத்தா, பழகிக்கொள்ள வேண்டியதா?

பழகிக்கொள்ளவே கூடாது. இதற்கு ஷிம்மி என்று பெயர். முன்சக்கரம் இடமும் வலமுமாக நொடிக்குப் பல முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பை அடக்கத்தான் ஷிம்மி டேம்பர் என்ற சிறு சிலிண்டர் இருக்கிறது. அதனுள் பிஸ்டன் அசையும்போது, எண்ணெய் ஒரு சிறு துளை வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும். அந்தத் தடைதான் ஆட்டத்தை விழுங்குகிறது. எண்ணெய் கசிந்து உள்ளே காற்றிடம் உண்டானால் பிஸ்டன் தடையில்லாமல் ஆடும். எண்ணெய் இல்லாத ரப்பர் வகை டேம்பர்களும் உண்டு.

டேம்பரை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு மாதத்தில் அது மறுபடி கெட்டுவிட்டது என்று குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறோம். டேம்பர் கடைசிக் காவலாள். ஆட்டம் பிறக்கிற இடம் வேறு. கத்தரிக்கோல் போல மடியும் டார்க் லிங்க் இணைப்புகளில் புஷ்ஷும் போல்ட்டும் தேய்ந்திருக்கலாம். டயர் ஒரு பக்கம் தேய்ந்து சமநிலை இழந்திருக்கலாம். காற்றழுத்தம் தவறாக இருக்கலாம். சோதிப்பது எளிது. வால் பகுதியை உள்ளே சட்டம் இருக்கும் இடத்தில் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். வால் இறக்கையின் மேல் அழுத்த வேண்டாம், தகடு நசுங்கும். இன்னொருவர் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இடம் வலம் திருப்பிப் பார்க்கட்டும். டார்க் லிங்க் மூட்டில் தெளிவான தளர்ச்சி தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓடும்போதே ஷிம்மி வந்தால், மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு வளையத்தைப் பின்னால் இழுத்து முன்சக்கரத்தின் எடையைக் குறைத்து, சக்தியைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தால் மூக்கு இறங்கி, ஆடும் சக்கரத்தின் மேலேயே எடை ஏறும். கடுமையான ஷிம்மி தொடர்ந்தால் போல்ட் அறுந்து முன்கால் முறிந்து மடங்குவது வரை போகும்.

அதிர்ச்சி தாங்கும் முன்கால் ஸ்ட்ரட்டையும் கவனியுங்கள். காற்று இறங்கி அமுங்கிக் கிடந்தால், ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். மேடு பள்ளத்தின் அடி நேரே ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புக்கு) போகும். அளவுக்கு மீறி காற்றடைத்தாலும் தவறு: செஸ்னாவில் ஸ்ட்ரட் முழுதாக நீண்டால் முன்சக்கரத்தை நேராகப் பூட்டிவிடும் அமைப்பு இருப்பதால், பெடலை மிதித்தும் சக்கரம் திரும்பாது.

கேள்வி: சிரஸ், டயமண்ட் விமானங்களில் சக்கரத்தில் தீப்பிடித்த செய்திகள் வருகின்றனவே?

இவற்றில் முன்சக்கரம் பெடலோடு இணைக்கப்படவில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தானாகத் திரும்பும். மெதுவாகப் போகும்போது திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்க பிரேக்கை மிதித்தாக வேண்டும். தேவைக்கு மேல் சக்தி கொடுத்து, அதைப் பிரேக்கால் அடக்கிக்கொண்டே போவது இங்கேதான் பெரும் கேடு. டிஸ்க் சூடேறி, கேலிப்பரின் ஓ-ரிங் கருகி, கசியும் எண்ணெய் சூடான டிஸ்க்கில் பட்டால் தீ. சக்கரத்தை மூடியிருக்கும் கவசம் சூட்டை வெளியே விடுவதில்லை. சிரஸ் கேலிப்பர்களில், சூடு ஏறினால் நிறம் மாறும் ஒட்டு அடையாளம் உண்டு. புறப்படும் முன் அதைக் குனிந்து பாருங்கள். 1,000 ஆர்பிஎம்மை ஒட்டி வைத்து, வேகம் கூடினால் ஒரு முறை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுவதே சரியான முறை.

கேள்வி: சக்கரம் உள்ளே மடங்கும் விமானம் சரியாக இறங்கி, ஓடி, திரும்பும்போது ஒரு கால் மட்டும் மடங்கிவிட்டது. கால்கள் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு மூன்றும் எரிந்துகொண்டிருந்ததாம். எப்படி?

விரிந்த நிலையில் கால் நிற்பதற்குப் பெரும்பாலான விமானங்களில் முழங்கை போன்ற ஒரு தாங்குதண்டு உதவுகிறது. அது நேர்கோட்டை மிகச் சிறிது தாண்டி மறுபக்கம் நின்றால்தான் பூட்டு. எடை ஏற ஏற இன்னும் இறுகும். மூட்டில் உள்ள போல்ட்டும் புஷ்ஷும் தேய்ந்தால், அல்லது அளவு சரியாக அமைக்கப்படாவிட்டால், தண்டு நேர்கோட்டுக்கு மிக அருகிலேயே நின்றுவிடும். விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச், தண்டு தன்னைத் தொட்டதா என்பதை மட்டுமே அறியும். எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. நேராக ஓடும்போது தாக்குப்பிடித்த கால், ஓடுபாதையை விட்டுத் திரும்பும் பக்கவாட்டுச் சுமையில் மடங்குவது இதனால்தான்.

ஆகவே, சக்கரம் இறங்குவதில் சிறு சந்தேகம் வந்திருந்தாலும் ஓடுபாதையிலேயே நேராக நின்று இன்ஜினை அணைத்துவிடுங்கள். பாதையைக் காலி செய்து தர வேண்டுமே என்று திரும்பாதீர்கள். ஆண்டுப் பரிசோதனையில் விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தை மடக்கி விரித்துப் பார்க்கிற சோதனையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மூட்டையும் கையால் அசைத்துத் தளர்ச்சியை அளக்க வேண்டும். ஜாக்கில் சுமை இல்லை. அங்கே எல்லாம் நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி: முன்கால் மடங்கி ப்ரொப்பெல்லர் தரையில் உரசியது. இன்ஜின் ஐடிலில்தான் இருந்தது. ப்ரொப்பெல்லரை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு எங்களால் மென்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. சுற்றிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லர் திடீரென்று தடுக்கப்படும்போது, அந்த அதிர்ச்சி, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் வழியே பின்கோடி வரை போகிறது. லைகாமிங் இன்ஜின்களில் அந்தப் பின்கோடியில் ஒரு கியர், ஒரு போல்ட்டாலும் ஒரு சிறு டவல் ஊசியாலும் பிடிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டையும் மேக்னெட்டோக்களையும் ஓட்டுவது அந்த கியர்தான். ஊசியில் விழுந்த விரிசல் அன்று தெரியாது. பல மணி நேரம் பறந்தபின் அது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நின்றுபோகும்.

அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004-இல், ப்ரொப்பெல்லர் அடிபட்ட லைகாமிங் இன்ஜின்களில் அந்த போல்ட்டையும் ஊசியையும் பரிசோதிப்பதைக் கட்டாயமாக்கியது. லைகாமிங்கின் 533 எண் சேவை அறிக்கையும், கான்டினென்டலின் 96-11 எண் அறிக்கையும் இதைவிட விரிவான பரிசோதனையைச் சொல்கின்றன. கிராங்க்ஷாஃப்ட் விளிம்பில் டயல் கேஜ் வைத்து நேராக இருக்கிறது என்று காட்டுவதைச் சிலர் போதும் என்கிறார்கள். வளைவை மட்டும்தான் அந்தக் கருவி காட்டும், விரிசலைக் காட்டாது. தண்ணீரிலோ உயரமான புல்லிலோ பட்டு ஆர்பிஎம் சட்டென விழுந்தாலும் அது ப்ரொப்பெல்லர் அடிதான்.

கேள்வி: டயர் வெடித்தால் திசையைக் காப்பது எப்படி? மாற்றும்போது என்ன கவனம் தேவை?

தட்டையான சக்கரம் அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்க ரட்டரும் எதிர்ப்பக்க பிரேக்கும் கொடுத்து நேராக வையுங்கள். இறங்கும் முன்பே தெரிந்துவிட்டால், நல்ல சக்கரத்தை முதலில் தரையில் வைத்து, எய்லரானால் (இறக்கையைச் சாய்க்கும் தகட்டால்) பழுதான பக்கத்தை முடிந்தவரை தூக்கிப் பிடியுங்கள். நின்றபின் அங்கேயே விட்டுவிடுங்கள். ஓட்டிப் போனால் ரிம்மும் போகும்.

கழற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. சிறு விமானச் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால், பாதிகள் தெறித்து எதிரில் இருப்பவரைத் தாக்கும். வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனதை உறுதி செய்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். பூட்டும்போது டியூப் இரண்டு பாதிகளுக்கு நடுவே நசுங்காதபடி பாருங்கள். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். அடுத்த நாள் கோடு பிரிந்து நின்றால் டயர் ரிம்மில் நழுவியிருக்கிறது, வால்வுத் தண்டு கிழியப் போகிறது என்று பொருள். அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். வெப்பநிலை 3 டிகிரி மாறினாலே அழுத்தம் சுமார் 1 சதவீதம் மாறும்.

கேள்வி: சாவியை அணைத்து எடுத்த பிறகும் ப்ரொப்பெல்லரைத் தொடக் கூடாது என்கிறார்களே?

மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை. சாவியை அணைப்பது அதைத் தரையிணைப்புச் செய்து ஊமையாக்குவது மட்டுமே. பி-லீட் எனப்படும் அந்தக் கம்பி அறுந்திருந்தால், சாவி உங்கள் பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். ப்ரொப்பெல்லரைக் கையால் சிறிது திருப்பினால் போதும், இன்ஜின் ஒரு சுற்று வெடித்து ஓடும். நிறுத்தும் முன் ஐடிலில் சாவியை ஒரு கணம் ஆஃப் நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: இன்ஜின் அடங்கத் தொடங்கினால் கம்பி நலம், மாற்றமே இல்லாமல் ஓடினால் ப்ரொப்பெல்லரில் எச்சரிக்கை அட்டை கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: செஸ்னாவில் இருக்கை நழுவி விபத்து ஆனது உண்மையா?

உண்மை. இருக்கைத் தண்டவாளத்தில் உள்ள துளைகள் தேய்ந்து நீள்வட்டமானால் இருக்கையைப் பூட்டும் ஊசி பிடிக்காது. வேகமெடுக்கும்போது இருக்கை பின்னால் வழுக்க, விமானி பிடிப்புக்காகக் கட்டுப்பாட்டு வளையத்தையே இழுத்துவிடுகிறார். காலும் பெடலுக்கு எட்டாது. 1987-இலேயே இதற்குக் கட்டாயப் பரிசோதனை ஆணை வந்தது. அமர்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள்.

கேள்வி: இப்படி நடந்தால் அது விபத்தா, சிறு சம்பவமா? உடைந்த பாகத்தை உடனே எடுத்துவிடலாமா?

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை நடப்பதைக் கணக்கில் கொள்கிறது. மரணம், கடுமையான காயம், அல்லது பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும் கட்டமைப்புச் சேதம் இருந்தால் அது விபத்து. சேதம் டயர், பிரேக், ப்ரொப்பெல்லர், இறக்கை நுனி ஆகியவற்றோடு நின்றுவிட்டால் அது மட்டும் விபத்தாகாது. ஆனாலும் உங்கள் நாட்டு விதிப்படி தெரிவிக்க வேண்டியது என்ன என்று பாருங்கள்.

உடைந்த பாகத்தை எடுக்க வேண்டாம். உயிரைக் காக்க, தீயைத் தடுக்க மட்டுமே கை வைக்கலாம். முறிந்த முகங்களைத் துடைக்காதீர்கள். பொருத்திப் பார்க்க ஒன்றோடொன்று சேர்க்கவும் வேண்டாம். பல நாள் சோர்வால் முறிந்த உலோகத்தில் கடற்கரை அலைத்தடம் போன்ற வரிகள் இருக்கும். ஒரே அடியில் முறிந்ததில் மங்கலான சொரசொரப்பு இருக்கும். பாகம் முன்பே செத்துக்கொண்டிருந்ததா, இறக்கம் கடினமாக இருந்ததா என்பதைச் சொல்லும் சாட்சி அதுதான். ஒரு முறை உரசினாலே அது அழிந்துவிடும்.

கேள்வி: அருகில் நிற்பவர்கள் உதவ ஓடினால் எதைக் கவனிக்க வேண்டும்?

ப்ரொப்பெல்லர் முழுவதும் நின்ற பிறகு, இறக்கைக்குப் பின்புறமாக வந்து அணுகுங்கள். மேல் இறக்கை விமானத்தில் இறக்கையைத் தாங்கும் தண்டு தலைமட்டத்தில் இருக்கும். பிரேக் புகைந்தால் சக்கரத்தின் பக்கவாட்டில் நிற்காதீர்கள். வெடித்தால் ரிம் அந்தத் திசையில்தான் பாயும். முன்னாலோ பின்னாலோ நின்று உலர்தூள் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். சிவந்த டிஸ்க்கில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் உலோகம் வெடிக்கும். சிரஸ் போன்ற விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட்டை வெளியே இழுக்க, கேபினுக்குப் பின்னால் ஒரு ராக்கெட் உள்ளது. அதன் எச்சரிக்கை ஒட்டைத் தேடிப் பாருங்கள். அந்தப் பகுதியை வெட்டவும் கூடாது, கூரையில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுக்கவும் கூடாது. தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.